இட்டேரிய அடைச்சுட்டு ரோட்டை எத்தனைதான் அகலம் பண்ணுவீங்க?

நம்ம பக்கத்துல லே-அவுட் அப்ரூவலுக்கு கையெழுத்துப் போடற ஆபீசருங்களுக்கும், சைட் போடற அண்ணன்மாருங்களுக்கும் வணக்கமுங்க.

எனக்கு கோயமுத்தூர்லருந்து சத்தியமங்கலம் போற சத்தி ரோட்டுல கோவில்பாளையம் தாண்டி உள்ள ஒரு ஊருங்க. ஊர் பேரை எழுதல, எழுதுனா எந்தச் செவுரு யாரு செவுருன்னு தெரிஞ்சுபோயிரும், பொழுதோட ஊட்டு வாசல்ல நாலு பேரு வந்து நிப்பாங்க, நமக்கு எதுக்குங்க அது. கணபதில ஒரு லேத் பட்டறைல வேலை. பிளானிங் கிளானிங் எல்லாம் படிச்சவனில்ல. பத்து வருசமா தினமும் அந்த ரோட்டுல போயிட்டு வர்றவன், அந்தத் தகுதி போதும்னுதான் எழுதறேன், நீளமாப் போனா கோவிச்சுக்காதீங்க.

எங்க ஊர் இட்டேரிய, அதாவது தோட்டத்து வேலிங்களுக்கு நடுவுல போற பழைய தடத்தை, அடைச்சு ஒரு லே-அவுட் செவுரு நிக்குது, மொதல்ல அந்தச் செவுத்தைப் பத்தி சொல்லிடறேன். ஹாலோபிளாக் செவுரு, ஏழடி ஒசரம், மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்குது. எங்க சாளைலருந்து (தோட்டத்து ஊடுங்க) கெழக்க பாத்து நடந்தா முந்தியெல்லாம் பத்து நிமிசத்துல ஸ்கூலு, அதை ஒட்டி பால் சொசைட்டி, இன்னும் நாலு எட்டு வச்சா பஸ் ஸ்டாப்பு. இப்ப அந்தத் தடத்துல நட்ட நடுவுல இந்தச் செவுரு. கட்டி ஒரு மாசங்கூட ஆகல, கீழ்வரிசைல நாலு கல்லை யாரோ பேத்து எடுத்துட்டாங்க. யாருன்னு எனக்குத் தெரியாது (தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன்). சைட் ஓனரு ஆளுங்க வந்து சிமெண்ட் வச்சு அடைச்சாங்க. மறுக்கா ஓட்டை விழுந்துச்சு. மறுக்கா அடைச்சாங்க. இதுவரைக்கும் மூணு தடவை, செவுத்துல அந்த எடம் மட்டும் வேற வேற கலர்ல ஒட்டுப்போட்ட லுங்கி மாதிரி தெரியும்.

காலைல எட்டே முக்காலுக்கு அங்க வந்து நின்னு பாக்கோணுங்க நீங்க. கொழந்தைங்க வரிசையா வரும், மொதல்ல பேக்கு உள்ள போகும், அப்பறம் சாப்பாட்டு டப்பா, தண்ணி பாட்டிலு, கடைசில ஆளு. பெரிய புள்ளைங்க சின்னதுங்களோட தலைல கல்லு இடிக்காம கைய வச்சுப் புடிச்சுக்கும், யாரும் சொல்லிக் குடுக்கல, அதுங்களாவே பண்ணுதுங்க. அக்கட்ட போனதும் முட்டில ஒட்டுன மண்ணைத் தட்டிவிட்டுட்டு ஓடும். அந்த ஓட்டைக்கு கீழ மண்ணு தேஞ்சு சாணி போட்டு மொழுகுன வாசல் மாதிரி வழவழன்னு இருக்குது. ரோடு எங்க வேணும்னு கண்டுபுடிக்க நீங்க சர்வே எடுக்கறீங்க, கன்சல்டன்ட் வைக்கறீங்க, அந்த வழவழப்பைப் பாத்தாவே பதில் தெரியுங்க.

எங்கம்மாவுக்கு அறுவத்தஞ்சு வயசு. அவங்களால ஓட்டைக்குள்ள குனிஞ்சு போக முடியாது. ரெண்டு மாட்டுப் பாலை கேன்ல எடுத்துட்டு அவங்களே நடந்து போயி சொசைட்டில ஊத்திட்டு, அங்க நாலு பேருகிட்ட பேசிட்டு வருவாங்க, அந்தப் பேச்சுதான் அவங்களுக்கு பேப்பரு டிவி எல்லாம். இப்ப வெடியக்காலம் அஞ்சரைக்கு நான் டிவிஎஸ் எக்ஸெல்ல கேனைக் கட்டிகிட்டு சுத்திப் போறேன். வண்டி மீட்டர்ல பாத்தேன், சத்தி ரோட்டுல ஏறி எறங்கி ரெண்டரை கிலோமீட்டரு. நேரா நடந்தா அரை கிலோமீட்டர் வராதுங்க. இருட்டுல லாரியும் பஸ்சும் பறக்கற ரோட்டுல பால் கேனோட. அம்மா வாசத்திண்ணைல உக்காந்துட்டு "சொசைட்டில யாரு வந்திருந்தா"ன்னு என்னைக் கேப்பாங்க, நான் யாரைப் பாத்தேன், ஊத்தறது திரும்பறது அவ்வளவுதான்.

இந்தத் தடம் ஒரு இட்டேரிங்க. டவுன்ல பொறந்தவங்களுக்காக சொல்றேன், கொங்கு நாட்டுக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டு தோட்டத்து வேலிக்கு நடுவுல ஒரு மாட்டுவண்டி போற அகலத்துல போகும், ரெண்டு பக்கமும் கிளுவை, கள்ளி, கத்தாழை, அதுமேல கோவைக்கொடி, பெரண்டை. காடை கவுதாரி ஓடும், கீரி குறுக்க போகும். ஒரு தோட்டத்துலருந்து இன்னொரு தோட்டம், அங்கிருந்து கோயிலு, சந்தை, அடுத்த ஊருன்னு மெயின் ரோட்டுல காலே வைக்காம ஒறம்பரை ஊட்டுக்குப் போயிட்டு வந்தவங்க எங்கப்பாரு (தாத்தாவைத்தான் அப்படிச் சொல்லுவோம்) காலத்து ஆளுங்க. சிலது எஃப்எம்பில, அதாவது சர்வே வரைபடத்துல, வண்டிப்பாதைன்னு புறம்போக்காவே இருக்கும். சிலது ரெண்டு பட்டாவுலயும் பாதிப் பாதியா உள்ள இருக்கும், அதுக்கு ரெக்கார்டுல தனி நம்பர் கெடையாது, ஆனா பத்திரத்துல இருக்கும். பிரச்சனையே இந்த ரெண்டாவது வகைலதான்.

இங்க ஒண்ணை மறைக்காம சொல்லிடோணும். அந்தச் செவுரு நிக்கற எடத்துல ஒண்ணரை ஏக்கர் எங்களுதுதாங்க. 2019-ல நாங்கதான் வித்தோம். தங்கச்சி கண்ணாலம், ஆழ்கெணறு ஆயிரம் அடி போயும் புகைதான் வந்துச்சு, வேலைக்கு ஆளு கெடையாது, வித்தோம், நல்ல வெலதான் வந்துச்சு, பொய் சொல்லமாட்டேன். எங்கப்பாரு வாங்குன பழைய பத்திரத்துல "மேற்படி பூமிக்குப் போக வர, வண்டி வாகனம் ஓட்ட மாமூல் இட்டேரித் தட பாத்தியமும் சேர்த்து"ன்னு ஒரு வரி இருக்குது. நாங்க எழுதிக் குடுத்த புதுப் பத்திரத்துலயும் அதே வரிய டைப் அடிச்சிருந்தாங்க. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அதைப் படிச்சுக் காட்டுனப்போ எங்கய்யன் (அப்பா) தலைய ஆட்டுனாரு, வாங்கறவரும் தலைய ஆட்டுனாரு. அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு ஒருத்தரும் யோசிக்கல. இருவது வருசம் தடையில்லாம நடந்த தடத்துக்குப் பாத்தியம் உண்டுன்னு 1882-லயே ஈஸ்மென்ட் சட்டம் போட்டு வச்சிருக்காங்க. ஆனா அதுக்காக கோர்ட்டுக்குப் போயி வாய்தா வாங்கறதுக்குள்ள இந்தக் கொழந்தைங்க காலேஜ் முடிச்சுருங்க.

இது ஏதோ ஒரு ஊட்டு செவுரு பிரச்சனை, இதுக்கு எதுக்கு திறந்த மடல்னு கேப்பீங்க. இல்லைங்க. சத்தி ரோட்டுல கோவை பாத்து வரும்போது ரெண்டு பக்கமும் எண்ணிகிட்டே வாங்க, ஆர்ச்சு ஆர்ச்சா நிக்கும். ஏதோ ஒரு நகரு, ஏதோ ஒரு கார்டன், ஏதோ ஒரு அவென்யூ, "டிடிசிபி அப்ரூவ்டு, ரேரா அப்ரூவ்டு, முப்பதடி ரோடு". உள்ள ரோடு நல்லாத்தான் இருக்கும், தாரு போட்டு கரண்ட் கம்பம் நட்டு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் வாய் ஒண்ணுதான், அது மெயின் ரோட்டுல. பின்னாடி போனா செவுரு. செவுத்துக்கு அக்கட்ட அடுத்த லே-அவுட்டோட செவுரு. ரெண்டு முப்பதடி ரோடும் ஒண்ணை ஒண்ணு பாத்துகிட்டு நடுவுல பத்தடி எடத்துல முட்டி நிக்கும். சீப்பு மாதிரிங்க, தண்டு மட்டும் மெயின் ரோடு, பல்லு ஒண்ணோட ஒண்ணு சேராது. இந்தப் பல்லுலருந்து அந்தப் பல்லுக்கு போகோணும்னா, அது ஒரு லிட்டர் பாலுக்காக இருந்தாக்கூட தண்டுக்கு வந்துதான் ஆகோணும். அத்தனை பேரும் தண்டுல வந்து நின்னா ஜாம் ஆகாம என்ன ஆகும்?

மேப்புல பழைய தடம் இன்னும் வழியாத்தான் காட்டுது, அது வேற கூத்து. சாப்பாடு கொண்டார தம்பிங்க மேப்பைப் பாத்துட்டு நேரா செவுத்துகிட்ட வந்து நின்னு "அண்ணா லொக்கேசன்ல இருக்கேன், ஊட்டைக் காணோம்"னு போன் அடிப்பாங்க. நான் செவுத்துக்கு இக்கட்ட ஸ்டூல் போட்டு ஏறி பிரியாணி வாங்கியிருக்கேன். அதுவரைக்கும் சிரிச்சுக்கலாம். எதுத்த தோட்டத்து பெரியப்பாவுக்கு ராத்திரி நெஞ்சு வலி வந்தப்போ 108-ம் அதே செவுத்துகிட்ட வந்துதான் நின்னுச்சு, ரிவர்ஸ் எடுத்து சுத்தி வர்றதுக்குள்ள எங்களுக்கு உசுரே போயிருச்சு. பெரியப்பா பொழைச்சுகிட்டாரு, அதனாலதான் இந்த மடல் இந்த அளவுக்காவது மரியாதையா இருக்குது.

பழைய கோயமுத்தூரை பாருங்க. காந்திபுரத்துல கிராஸ்கட் ரோட்டுக்கும் நூறடி ரோட்டுக்கும் நடுவுல ஒண்ணாவது வீதி ரெண்டாவது வீதின்னு வரிசையா போகும், ஒண்ணுல வண்டி நின்னா அடுத்ததுல பூந்துரலாம். ஆர்.எஸ்.புரமும் அப்படித்தான் குறுக்கும் நெடுக்குமா. அன்னைக்கு கம்ப்யூட்டரும் இல்ல சேட்டிலைட்டும் இல்ல, வீதி வீதியோட சேரோணும்ங்கற புத்தி மட்டும் இருந்துச்சு. அந்தப் பக்கம் நெரிசல் இல்லையான்னா இருக்குது, கடைத்தெருன்னா இருக்கத்தான் செய்யும், ஆனா நடந்து போறவனுக்கு வழி இருக்குது.

இப்ப நம்ம வைத்தியம் என்னன்னா தண்டை மட்டும் தடிமனாக்கறது. திருச்சி ரோட்டுல 2022-ல பாலம், உக்கடத்துல 2024-ல பாலம், 2025 அக்டோபர்ல அவிநாசி ரோட்டுல உப்பிலிபாளையத்துலருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டருக்கு 1,791 கோடில ஜி.டி. நாயுடு பேர்ல பாலம். ஏர்போர்ட் போறவங்களுக்கு சவுரியம், இல்லைன்னு சொல்லல, நானும் ஒரு தடவை சும்மா போயிட்டு வந்தேன், காத்து நல்லா வருது. கீழ சிக்னலை எடுத்துட்டு யூ டர்ன் வச்சிருக்காங்க, வண்டிக்கு நிக்காம போக வசதி, நடந்து ரோட்டைத் தாண்டறவங்களுக்கு எப்ப வண்டி நிக்கும்னு சாமிக்குத்தான் தெரியும். நாளைக்கு சத்தி ரோட்டுலயும் பாலம் வேணும்னு கேப்பாங்க, கட்டுவீங்க, இன்னும் அம்பது ஆர்ச்சு வரும், மறுக்கா நிக்கும்.

மெட்ரோ வந்தா எல்லாம் சரியாயிரும்னு ஒரு பேச்சு. 39 கிலோமீட்டருக்கு போட்ட திட்டத்தை 2025 நவம்பர்ல டெல்லி திருப்பி அனுப்பிருச்சு. 2011 கணக்குப்படி மாநகராட்சில 15.84 லட்சம் பேருதான், 20 லட்சம் வேணுமாமா. அதே 2011 கணக்குல சுத்துப்பட்டு ஊரெல்லாம் சேத்தா 21 லட்சத்துக்கு மேல. நாங்கெல்லாம் கோட்டுக்கு அக்கட்ட இருக்கறவங்க, தலை எண்ணறப்போ வரமாட்டோம், டிராபிக்ல மட்டும் வருவோம். இந்த அரசியல் சண்டைய ரெண்டு கட்சிக்காரங்களும் நல்லாவே போடறாங்க, நான் வேற எதுக்கு. எனக்கு ஒரே சந்தேகந்தான், அந்தத் திட்டத்துல ஒரு லைனு சத்தி ரோட்டுலதான் வலியாம்பாளையம் பிரிவு வரைக்கும். சரி, ஸ்டேசன் வந்துருச்சுன்னே வச்சுக்கோங்க, ஸ்டேசனுக்கு நேர் பின்னாடி லே-அவுட்ல குடியிருக்கறவரு செவுத்தைச் சுத்தி ரெண்டு கிலோமீட்டர் நடந்தா வருவாரு? பைக்கை எடுத்தா நேரா வேலைக்கே போயிருவாரு. இப்பவே எங்கூரு பொம்பளைங்க ஓசி பஸ்சுன்னு பிங்க் பஸ்சுல போறவங்க, பஸ் ஸ்டாப்புக்கு நடக்க வழியில்லாம ஆட்டோவுக்கு காசு குடுத்துட்டு ஓசி பஸ் ஏறறாங்க.

பாரிசுல 2020-லருந்து பதினஞ்சு நிமிச நகரம்னு பேசறாங்க, வேணும்ங்கறது எல்லாம் நடந்தோ சைக்கிள்லயோ பதினஞ்சு நிமிசத்துல கெடைக்கோணுமாம். செமினார் எல்லாம் போட்டு நம்ம ஊர்லயும் அதை வெளக்கறாங்க. எங்கம்மாவுக்கு அது பத்து நிமிசமா இருந்துச்சுங்க, நாலு கல்லு ஓட்டையா நாம ஆக்கி வச்சிருக்கோம்.

ஆபீசருங்களே, உங்ககிட்ட சட்டம் இல்லாம இல்ல. லே-அவுட் போட்டா உள்ள இருக்கற ரோட்டை உள்ளாட்சிக்கு தான பத்திரம் எழுதிக் குடுக்கோணும். குடுத்துட்டா அது பொது ரோடு, அதுல கேட்டுப் போட்டு வாட்ச்மேனை நிறுத்தி "எங்க போறீங்க"ன்னு கேக்க ஒருத்தருக்கும் உரிமை கெடையாது. ஆனா எத்தனை கேட்டு நிக்குதுன்னு உங்களுக்கே தெரியும். 3,000 சதுர மீட்டருக்கு மேல போனா ரோடு போக மிச்சத்துல பத்து சதவீதம் பொது எடம் விடோணும், நம்மாளுக ரிசர்வ் சைட்டுன்னு சொல்றது. நான் பாத்த வரைக்கும் அது பள்ளத்து ஓரமோ ஹைடென்சன் லைனுக்கு கீழயோ, விக்காத மூலைல கெடக்கும், முள்ளு மொளைச்சு. ரெண்டு லே-அவுட் ஒட்டற எடத்துல ரெண்டோட ரிசர்வ் சைட்டையும் முதுகுக்கு முதுகா வச்சு, நடுவுல தடம் விட்டா ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரு நல்ல பூங்கா ஆயிருக்கும்ல?

ஸ்கீம் ரோடு கதை உங்களுக்கு நான் சொல்லக் கூடாது. கோயமுத்தூர்ல டீட்டெயில்டு பிளான் போட்டு மேப்புல கோடு இழுத்த ரோடெல்லாம் வருசக்கணக்கா கோடாவே கெடக்குது. 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்துல 38-வது பிரிவு, மூணு வருசத்துக்குள்ள நெலத்தை எடுக்கலைன்னா அந்த ஒதுக்கீடு போயிரும்னு சொல்லுது, எடத்துக்காரரு கோர்ட்டுக்குப் போறாரு, ஜெயிக்கறாரு, ரோடு போச்சு. எடத்துக்காரரைக் குத்தம் சொல்லி என்ன பண்றது, காசு குடுக்காம எத்தனை வருசம் அவரு எடத்தைப் புடிச்சு வப்பீங்க? அதனாலதான் சொல்றேன், காசு குடுத்து நெலம் எடுத்து ரோடு போடறதுங்கறது நடக்காத காரியம். லே-அவுட் அப்ரூவலுக்கு ஃபைல் வர்ற அந்த ஒரு நாள்லதான் ரோடு ஓசில கெடைக்கும். அன்னைக்கு விட்டா விட்டதுதான், அப்பறம் ஊடு கட்டிருவாங்க. 1994-க்கு அப்பறம் இப்பத்தான் 2041-க்குன்னு மாஸ்டர் பிளான் போட்டிருக்கீங்க, அதுல பெரிய ரோடு வரும், பைபாஸ் வரும், எங்க பத்தடித் தடம் அந்த மேப்பு அளவுக்கு கண்ணுக்கே தெரியாது. அது உங்க டேபிளுக்கு வர்ற ஃபைல்லதான் தெரியும்.

சைட் போடற அண்ணன்மாருங்களே, உங்க கணக்கும் எனக்குத் தெரியும், பட்டறைல நானும் மில்லிமீட்டர் கணக்குதான் பாக்கறேன். பத்தடி அகலம் எரநூறு அடி நீளம் தடம் விட்டா ரெண்டாயிரம் சதுர அடி, நாலரை சென்ட்டும் கொஞ்சமும். அஞ்சு ஏக்கரு சைட்டுல அது ஒரு சதவீதம் கூட இல்ல. அதுக்குப் பதிலா "ஸ்கூலுக்கு அஞ்சு நிமிச நடை, பஸ் ஸ்டாப்புக்கு ஏழு நிமிச நடை"ன்னு நோட்டீஸ்ல உண்மையாவே போட்டுக்கலாம், இப்பவும் அதைத்தான் போடறீங்க, செவுத்துமேல பறந்து போற காக்காவுக்கு அது பொருந்தும்.

திருடன் வருவான், அதனாலதான் செவுருங்கறீங்க. அந்தப் பயத்தை நான் சாதாரணமா எடுத்துக்கல. பல்லடம் பக்கமும் சிவகிரி பக்கமும் தோட்டத்து ஊடுகள்ல நடந்த கொலைங்களுக்கு அப்பறம் எங்கூட்டுலயும் ராத்திரி பட்டாசாலைக் கதவை ரெண்டு தாப்பா போட்டுத்தான் படுக்கறோம். ஆனா ஒண்ணு யோசிங்க. அந்த ஊடுகெல்லாம் தனியா, ஆள் நடமாட்டம் இல்லாத எடத்துல இருந்த ஊடுங்க. அஞ்சரைக்கு பால்காரம்மா, ஏழுக்கு பேப்பர் பையன், எட்டே முக்காலுக்கு ஸ்கூல் புள்ளைங்க, ராத்திரி செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு வர்ற மில்லு ஆளுங்கன்னு நடந்துகிட்டே இருக்கற தடத்துல புது ஆளு வந்தா நாய்க்கு முந்தி மனுசனே கண்டுபுடிச்சுருவான். கார் உள்ள வந்தா தூசி, சத்தம்னு சொல்றதும் நியாயந்தான். கார் வேண்டாங்க. நெதர்லாந்துல ஹவுட்டன்னு ஒரு ஊரு, அங்க ஒரு பேட்டைலருந்து இன்னொரு பேட்டைக்கு கார்ல போனா வெளிய வட்ட ரோட்டுக்கு வந்து சுத்தித்தான் போகோணும், சைக்கிளும் நடையும் மட்டும் நடுவுல நேரா போகும். ரெண்டு கல்லுக்கம்பம் நட்டு விட்டா போதும், கார் வராது, எங்கம்மா பால் கேனு வரும். அமெரிக்காவுல வர்ஜீனியா மாநிலத்துல 2009-ல ஒரு விதி போட்டாங்க, புதுசா போடற குடியிருப்பு ரோடு பக்கத்து எடத்து ரோட்டோட சேரலைன்னா அந்த ரோட்டை அரசாங்கம் பராமரிக்க எடுத்துக்காது, நீங்களே பாத்துக்கோங்கன்னு. ரெண்டு வருசத்துல கொஞ்சம் தளத்திட்டாங்க, பில்டருங்க எல்லா ஊர்லயும் பில்டருங்கதானே. ஆனாலும் எண்ணம் சரி. நம்ம ஊர்லயும் தான பத்திரம் வாங்கறப்போ, இந்த ரோட்டோட மறு முனை எங்க போயி சேருதுன்னு ஒரு கேள்வி கேட்டாப் போதும்.

இப்ப அவசரம் என்னன்னா, எங்க சாளைக்கு தெக்கால ஏழு ஏக்கர் தோப்பு போன மாசம் கைமாறிருச்சு. தென்னையெல்லாம் சாச்சுட்டாங்க, கல்லு நட்டாச்சு, சுண்ணாம்புல கோடும் போட்டாச்சு. அதுக்குள்ள இன்னொரு இட்டேரி போகுது, அது கோயிலுக்குப் போற தடம், பங்குனில பூவோடு, அதாவது தீச்சட்டி, எடுத்துட்டு அதுலதான் போவோம். ஃபைலு இந்நேரம் உங்க ஆபீசுலதான் எங்கயோ இருக்கும். எஃப்எம்பி காப்பி ஆன்லைன்ல எடுத்து தடத்தை செவப்பு பேனால கோடு போட்டு வச்சிருக்கேன், எங்க பழைய பத்திரத்தோட ஜெராக்சும் வச்சிருக்கேன், மனுவா குடுத்து ரசீதும் வாங்கியாச்சு. சைட் இன்ஸ்பெக்சனுக்கு யாராச்சும் வருவீங்கல்ல, ஸ்கூல் இருக்கற நாளாப் பாத்து எட்டரைக்கு வாங்க. அம்மா காபி வப்பாங்க, நம்ம மாட்டுப் பாலுதான். வர்றதுக்கு முந்தி ஒரு போன் மட்டும் பண்ணிருங்க, மேப்பைப் பாத்து நீங்களா வந்தீங்கன்னா செவுத்துக்கு அக்கட்டதான் நிப்பீங்க.

இப்படிக்கு,
சத்தி ரோட்டுல தினமும் உங்களோட ஜாம்ல நிக்கற ஒருத்தன்